ஓமனில் நான்கு நாள், ஒரு ஜீப், ஒரு ஓட்டுநர்: நாங்கள் எடுத்த சேவை எப்படி இருந்தது

ஜனவரி கடைசி வாரத்தில் நானும் மனைவியும் அம்மாவும் ஓமனுக்குப் போய் வந்தோம். நாமே வண்டி எடுத்து ஓட்டுவதா, பேருந்துக் குழுவில் சேருவதா என்று ரொம்ப நாள் யோசித்து, கடைசியில் ஒரு ஜீப், அதில் வழிகாட்டியாகவும் இருக்கும் ஓமானி ஓட்டுநர் ஒருவர், நான்கு நாள், மூன்று ராத்திரி என்று பதிவு செய்தோம். மஸ்கட்டில் ஏறி நிஸ்வா, மலைக்கிராமம், பாலைவனம் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்ப மஸ்கட். மூன்று பேருக்கும் சேர்த்து 380 ரியால். பெட்ரோல், தங்கும் இடம், காலை உணவு அதில் அடக்கம். நுழைவுச் சீட்டும் மதியச் சாப்பாடும் நம் கையில்.

ஓட்டுநருக்கு முழு மதிப்பெண். அவர் இல்லாமல் இந்த ஊரைப் பார்த்திருந்தால் பாதிகூடப் புரிந்திருக்காது. பதிவு செய்துகொடுத்த நிறுவனமும் அவர்கள் தள்ளிவிட்ட பாலைவன முகாமும் வேறு கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நல்ல காரியத்தை அவர் எங்களைப் பார்ப்பதற்கு முன்பே செய்துவிட்டார். நிறுவனம் கொடுத்த அட்டவணையில் சுல்தான் காபூஸ் பெரிய மசூதியை வெள்ளிக்கிழமைக்குப் போட்டிருந்தார்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வெள்ளியன்று அனுமதியே கிடையாது, மற்ற நாட்களிலும் காலை 8 முதல் 11 வரைதான். இவர் முந்தின ராத்திரியே போன் செய்து, "நாளைக்கு வியாழன், காலையில் மசூதி, சாயங்காலம் நிஸ்வா. வெள்ளிக்கிழமை காலை நீங்கள் நிஸ்வாவில்தான் இருக்க வேண்டும்" என்று மாற்றிவிட்டார். ஏன் என்று அப்போது சொல்லவில்லை. உடையைப் பற்றியும் தெளிவாகச் சொன்னார். பெண்களுக்குத் தலைமுடி முழுக்க மறைய வேண்டும், கை மணிக்கட்டு வரை, கால் கணுக்கால் வரை. அம்மாவுக்குப் புடவை சரிப்படாது என்று முழுக்கைச் சுடிதாரும் பெரிய துப்பட்டாவும் எடுத்து வைத்தோம். தெரியாமல் வந்தவர்கள் வாசலில் அங்கி வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காலை ஏழரைக்கு விடுதி வாசலில் வந்து நின்றார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை டிஷ்டாஷா, அதாவது கணுக்கால் வரை வரும் அங்கி, தலையில் பூவேலை செய்த கும்மா தொப்பி. நான்கு நாளும் அப்படித்தான், மணலில் டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோதும் அந்த வெள்ளையில் ஒரு பொட்டு அழுக்கு கிடையாது.

மஸ்கட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வளைகுடா நகரம் என்றதும் கண்ணாடிக் கோபுரங்கள் வரிசையாக நிற்கும் என்று நினைத்துப் போனால் அங்கே அப்படி எதுவும் இல்லை. எல்லாம் உயரம் குறைந்த கட்டடங்கள், வெள்ளை, இல்லாவிட்டால் மணல் நிறம். உயரத்துக்கும் நிறத்துக்கும் நகராட்சி விதி உண்டு. நாங்கள் தங்கிய தெருவில் வீட்டு மாடிகளில் தண்ணீர்த்தொட்டிகூடக் கண்ணில் படவில்லை, துளைத்துளையாக அலங்காரம் செய்த தடுப்புச் சுவருக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அதனால் என்ன ஆகிறது என்றால், எங்கிருந்து பார்த்தாலும் மலைதான் பெரியதாகத் தெரிகிறது. கறுப்பும் பழுப்புமாக, ஒரு புல்கூட இல்லாத கூர்மையான மலைகள், அவற்றின் மடியில் வெள்ளைப் பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி ஊர். முதல் அரை மணி நேரம் அம்மா பேசவே இல்லை. அப்புறம், "இவ்வளவு வெறுமையான மலையை நான் பார்த்ததே இல்லை, ஆனா பார்த்துக்கிட்டே இருக்கணும் போல இருக்கு" என்றார்.

அந்த மலையின் ஒரு பகுதி உண்மையில் கடலடித் தரை. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் சமுத்திரத்தின் அடியில் இருந்த பாறை, நிலத்தட்டுகள் மோதியதில் மேலே ஏறி இங்கே கிடக்கிறது. இப்படிக் கடலடிப் பாறையை நிலத்தின் மேல் இத்தனை விரிவாகப் பார்க்கும் இடம் உலகத்தில் மிகக் குறைவு, அதைப் படிக்கவே நிலவியல்காரர்கள் வருகிறார்கள். நிஸ்வா போகும் நெடுஞ்சாலையில் ஓட்டுநர் ஓரிடத்தில் ஓரம் கட்டி, ஒரு துண்டுக் கல்லை எடுத்து அம்மா கையில் வைத்தார். கரும்பச்சை, பாம்புத் தோல் மாதிரி வழவழப்பு. எந்த அட்டவணையிலும் இல்லாத நிறுத்தம் அது.

மசூதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. 2001இல் திறந்தது. கட்டியதில் 3 லட்சம் டன் இந்திய மணற்கல். உள்ளே தொழுகைக் கூடத்தில் ஒரே விரிப்பாகக் கிடக்கும் கம்பளம், 4,343 சதுர மீட்டர், 21 டன், ஈரானியப் பெண்கள் நான்கு வருஷம் முடிச்சுப் போட்டுச் செய்தது. நாம் அதன் மேல் மிதிக்க முடியாது, மேலே விரித்த நீல நிற நடைவிரிப்பில்தான் போக வேண்டும். எனக்கு அந்தக் கூடத்தைவிட வெளியே உள்ள வளைவுத் தாழ்வாரங்கள்தான் மனதில் நின்றன. முற்றத்தில் வெயில் சுளீர் என்று அடிக்கிறது, ஒரு அடி உள்ளே வைத்தால் கல் குளிர்ந்து கிடக்கிறது.

அங்கே தொடங்கியதுதான். இந்த நாட்டில் சட்டை, வீடு, கோட்டை, வாய்க்கால் எல்லாமே வெயிலோடு எப்படி வாழ்வது என்ற ஒரே கேள்விக்குக் கண்டுபிடித்த பதில்கள் என்று எனக்குப் பட்டது. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஓட்டுநர்தான். பெரிய விளக்கம் எல்லாம் கொடுக்க மாட்டார். "தொட்டுப் பாருங்கள்", "இங்கே நில்லுங்கள்", "மேலே பாருங்கள்" என்பார், அவ்வளவுதான்.

உடையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஷ்டாஷாவில் காலர் கிடையாது. கழுத்துப் பக்கம் நூலில் திரித்த ஒரு சின்னக் குஞ்சம் தொங்கும், பெயர் ஃபுராக்கா. முதல் நாள் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்தேன். நிஸ்வாவில் டீ குடிக்கும்போது கேட்டதும் அதை விரல் நுனியில் பிடித்து என் பக்கம் நீட்டினார். அத்தரில் தோய்த்து வைத்திருக்கிறார்கள். காலையில் அதை மட்டும் நனைத்தால் போதும், நாள் முழுக்க மூச்சில் வாசனை இருக்கும் என்றார். அவர் தொப்பியைக் கழற்றிக் காட்டியபோதுதான் தெரிந்தது, அந்தப் பூவேலையில் ஊசித்துளை மாதிரி நூற்றுக்கணக்கான ஓட்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றித் தையல். காற்றோட்டம் அதனால்தான். அதை அவர் மனைவி கையால் தைத்தாராம், மூன்று மாதம் ஆனதாம். இயந்திரத்தில் தைத்ததும் சந்தையில் கிடைக்கிறது, மலிவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சொல்லாமலே தெரியும்.

விசேஷத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் கும்மா போதாது, மஸ்ஸார் என்ற தலைப்பாகை கட்ட வேண்டும். நல்ல மஸ்ஸார் என்றால் காஷ்மீர்க் கம்பளித் துணி. இடுப்பில் வளைந்த வெள்ளிக் கத்தி, கஞ்சர். நாட்டின் கொடியிலேயே அது இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை நிஸ்வாவில் ஏன் இருக்க வேண்டும் என்பது ஆறரை மணிக்கு விளங்கியது. ஆட்டுச்சந்தை. நடுவில் கூரை போட்ட ஒரு வட்ட மேடை, அதைச் சுற்றி வாங்குகிறவர்கள், இடையில் உள்ள வட்டப் பாதையில் விற்கிறவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்து விலையைக் கூவிக்கொண்டே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். யாராவது கை தூக்கினால் நின்று ஆட்டின் பல்லைக் காட்டுகிறார்கள், மடியைத் தடவிப் பார்க்கிறார்கள், பேரம் படியவில்லை என்றால் மறுபடி சுற்று. நகரத்தில் பார்த்த வெள்ளை டிஷ்டாஷா இங்கே பழுப்பு, சாம்பல், ஊதா என்று எல்லா நிறத்திலும் வந்தது. கிராமத்துப் பெண்கள் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமான துணிகளில். பெதுவின் என்ற பாலைவன மக்களின் பெண்கள் சிலர் நெற்றியையும் மூக்கையும் மறைக்கும் முகமூடி போட்டு, மூக்கின் மேல் அது கத்தி முனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்க, ஆண்களோடு சரிக்குச் சரி பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கேமராவை எடுத்ததும் ஓட்டுநர் மெதுவாக, "ஆடு, சந்தை, ஆண்கள் எடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெண்களை மட்டும் கேட்காமல் வேண்டாம்" என்றார். ஒரு பாட்டியிடம் அவரே போய்க் கேட்டார், அந்தப் பாட்டி வேண்டாம் என்று கையாட்டிவிட்டு அம்மாவின் துப்பட்டாவை இழுத்து நெசவைத் தடவிப் பார்த்தார். அம்மாவும் பதிலுக்கு அவர் சால்வையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை இருவருக்கும் பொதுவில்லை, ஐந்து நிமிஷம் ஓடியது.

அங்கிருந்து கோட்டை பக்கம்தான், நடந்தே போகலாம். சீட்டு ஆளுக்கு 5 ரியால். 17ஆம் நூற்றாண்டில் அப்போது நாட்டை ஆண்ட இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டியது, பெரிய வட்டக் கோபுரத்துக்கு மட்டும் 12 வருஷம் ஆனதாகச் சொல்கிறார்கள். பீரங்கி தாங்க வேண்டும் என்று கோபுரத்தின் கீழ்ப்பாதியை மண்ணும் கல்லும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். மேலே ஏறும் படிக்கட்டு ஒடுங்கி வளைந்து வளைந்து போகிறது, திருப்பத்துக்குத் திருப்பம் கதவு, கதவுக்கு மேலே கூரையில் ஒரு நீளப் பிளவு. எதிரி கதவை உடைக்க நிற்கும்போது அந்தப் பிளவு வழியாகக் கொதிக்கும் பேரீச்சம்பாகை ஊற்றுவார்களாம். பாகு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கலாம். ஒரு அறையின் தரை முழுக்க வரிவரியாகக் கால்வாய்கள், அதன் மேல் பேரீச்சை மூட்டைகளைக் கூரை வரை அடுக்குவார்கள், தன் எடையில் தானே நசுங்கிப் பாகு வடிந்து ஓரத்தில் உள்ள குழியில் சேரும். சாப்பாட்டுக்கும் அதுதான், சண்டைக்கும் அதுதான்.

அன்று மதியம் மிஸ்ஃபாத் அல் அப்ரியீன் போனோம். நான்கு நாளில் எனக்குப் பிடித்த இடம் எது என்றால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். மலைச்சரிவில் பாறைக்கு மேல் பாறை நிறத்திலேயே மண்வீடுகள், எங்கே பாறை முடிகிறது எங்கே சுவர் தொடங்குகிறது என்று கையால் தடவினால்தான் தெரியும். சந்து இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம், சில இடத்தில் மேலே வீடு வளைந்து மூடியிருப்பதால் நடு மதியத்திலும் நிழல். கூரையைப் பார்த்தால் பேரீச்சைத் தண்டை உத்தரமாக வைத்து, மேலே ஓலைப்பாய், அதன் மேல் மண். சுவரில் வைக்கோல் துண்டுகள் பளபளக்கின்றன. ஊருக்குள் நுழையும் இடத்தில் தோளும் முழங்காலும் மூடி வரச்சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து அதை மதியுங்கள், அது சுற்றுலா அரங்கம் கிடையாது, ஆட்கள் குடியிருக்கும் ஊர்.

சந்து முடிந்து ஒரு திருப்பத்தில் தண்ணீர்ச் சத்தம். ஃபலஜ் வாய்க்கால். ஒரு முழ அகலம்தான், ஆனால் இடைவிடாமல் ஓடுகிறது, மலைக்குள்ளிருந்து புவியீர்ப்பிலேயே வருகிறது, மோட்டார் கிடையாது. நாடு முழுக்க இப்படி 3,000 வாய்க்கால்கள் இன்னும் ஓடுகின்றன, ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஊருக்குள் வந்ததும் முதல் இடம் குடிநீருக்கு, அப்புறம் மசூதிக்கு, குளிக்க, கடைசியில்தான் தோப்புக்கு. யார் தோப்புக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதைப் பகலில் குச்சி நிழலை வைத்தும் ராத்திரியில் நட்சத்திரத்தை வைத்தும் கணக்குப் பார்த்தார்கள். ஓட்டுநரின் தாத்தா அப்படிக் கணக்குப் பார்த்தவராம். "எந்த நட்சத்திரம் எந்த மலைமுனைக்குப் போனால் யாருடைய முறை என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கைப்பேசியில் மணி பார்க்கிறோம்" என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

சனிக்கிழமை ஜப்ரீன் அரண்மனை. பஹ்லா கோட்டையை வெளியிலிருந்துதான் பார்த்தோம், நேரமில்லை, அது 1987லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மாபெரும் மண்கோட்டை, ஒரு நாள் முழுக்க ஒதுக்க வேண்டும். ஜப்ரீன் அளவில் சின்னது, ஆனால் உள்ளே போனால் வெளியே வர மனசு வராது. 1670 வாக்கில் இமாம் பிலாரப் பின் சுல்தான் கட்டியது. சூரிய சந்திரக் கூடம் என்று ஒரு அறை, அதற்குப் பதினான்கு ஜன்னல், கீழே ஏழு, மேலே ஏழு. ஓட்டுநர் என்னைக் கீழ் ஜன்னல் பக்கத்தில் தரையில் உட்காரச் சொன்னார். குளிர்ந்த காற்று கீழே நுழைகிறது, அறையின் சூடு மேல் ஜன்னல் வழியாக வெளியேறுகிறது, உட்கார்ந்த இடத்தில் முகத்தில் மெல்லக் காற்று படுவது தெரிந்தது. வெளியே திறந்த வெளியில் அந்தக் காற்று இருந்ததாகவே தோன்றவில்லை. தலைக்கு மேலே மரக்கூரையில் கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கொடி ஓவியம். வீட்டின் அடியில் ஃபலஜ் ஓடுகிறது. கட்டிய இமாமின் கல்லறையும் அதே வீட்டுக்குள்தான்.

சரி, இப்போது பாலைவன முகாம்.

ஷர்கியா மணல்வெளி, பழைய பெயர் வஹீபா, 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். பித்யா ஊரைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிகிறது. அங்கே டயரில் காற்றைப் பாதியாக இறக்குகிறார்கள், டயர் தட்டையாகிப் பரவி மணலில் புதையாமல் ஓடும். மணல் ஆரஞ்சு நிறம், மேடு மேடாக வடக்கிலிருந்து தெற்காக வரிசை கட்டி நிற்கிறது. ஓரத்தில் சின்ன இலையோடு தலைகவிழ்ந்த மரங்கள். அம்மா இறங்கி ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது வன்னி மரம்டா" என்றார். ஓட்டுநர் அதை காஃப் என்றார். பார்த்தால் இரண்டும் ஒரே மரம்தான், அம்மா சரியாகச் சொல்லிவிட்டார். கோவிலில் சுற்றிவந்த மரம் அந்த மணலில் ஒட்டகத்துக்கு நிழலாக நின்றதைப் பார்த்து அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இவ்வளவு அழகான இடத்தில் முகாம் இப்படி இருந்தது. படத்தில் தனியாக ஒரு கூடாரம், மேலே நட்சத்திரம். நேரில் வரிசையாக நெருக்கி முப்பதுக்கு மேல், நடுவில் வெள்ளை விளக்குக் கம்பங்கள், ராத்திரி பன்னிரண்டு வரை ஜெனரேட்டர் இரைச்சல். பாலைவனத்தில் வானத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனது, விளக்கு வெளிச்சத்தில் வானமே இல்லை. மணல்மேட்டில் ஜீப் ஓட்டிக் காட்டுவது விலையில் அடக்கம் என்று பதிவில் எழுதியிருந்தது, அங்கே போனதும் தனியாக 25 ரியால் என்றார்கள். பதிவுத் தாளைக் காட்டினேன், எங்களுக்குத் தெரியாது என்றார்கள். நிறுவனத்துக்கு எழுதினேன், மூன்று வாரமாகப் பதில் இல்லை. எனக்குக் கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. அம்மாவுக்கு எழுபது வயது, அவர் மறுபடி ஒரு பாலைவன ராத்திரி பார்க்கப் போவதில்லை.

ஓட்டுநர் எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சாப்பிட்டதும் வண்டியில் ஏற்றி இரண்டு மேடு தாண்டி ஒரு பள்ளத்தில் நிறுத்தி விளக்கை அணைத்தார். பாய் விரித்து, குடுவையிலிருந்து ஏலக்காய் போட்ட கஹ்வா என்ற காபியை ஊற்றினார், தொட்டுக்கொள்ளப் பேரீச்சை. கோப்பை காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், போதும் என்றால் கோப்பையை இடமும் வலமும் ஆட்டிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு அது நாலாவது கோப்பையில்தான் தெரிந்தது. குளிர் நன்றாக இருந்தது, கம்பளி இல்லாமல் போகாதீர்கள். மணலைக் கையில் அள்ளினால் மேலே சில்லென்று, உள்ளே விரலை நுழைத்தால் பகல் சூடு இன்னும் இருக்கிறது. ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. இது கட்டணத்தில் இல்லாதது, அவர் தனியாகப் பணமும் வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் மஸ்கட்டுக்கு முன்னால் வண்டியைக் கழுவ நிறுத்தினார். அழுக்கு வண்டியோடு நகரத்துக்குள் போனால் அபராதம் போடுவார்களாம். வண்டி கழுவும் நேரத்தில் பக்கத்துக் கடையில் அம்மா லுபான் வாங்கினார், குந்திரிக்கம் என்று நாம் சொல்வது. தெற்கே தோஃபார் மலையில் மரப்பட்டையைச் சீவி, வடிந்து உறைந்த பிசினைச் சேர்த்துக் கொண்டுவருவது. வெளிறிய, பச்சைச் சாயல் உள்ளதுதான் உசத்தி, பழுப்பாக இருந்தால் விலை குறைவு, ஓட்டுநர் பொறுக்கிக் கொடுத்தார்.

நீங்கள் போவதாக இருந்தால் நான் சொல்வது இவ்வளவு. நிஸ்வா, ஜப்ரீன் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை ஓட்டுநராகக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் முன்கூட்டியே போனில் பேசிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை நிஸ்வாவில் இருப்பது போல அட்டவணை போடுங்கள். முகாமை நிறுவனத்திடம் விடாதீர்கள், ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு நிற்கும், எத்தனை கூடாரம், எதற்கெல்லாம் தனிக் கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த முறை நான் மிஸ்ஃபாத்தில் அந்த மண்வீடுகளில் ஒன்றில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு, பாலைவனத்துக்கு அதே ஓட்டுநரோடு பாயும் குடுவையும் மட்டும் எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். அவரிடம் இப்போதே சொல்லியும் வைத்துவிட்டேன்.